நாவாய்ப்பூச்சியின் சொக்காரன்

சற்று முன் சுவரில் ஊர்ந்த ஒரு மூட்டைப்பூச்சியை நசுக்கினேன். விரலில் அந்த நாற்றம். உடனே நீ வந்துவிட்டாய். அடுத்த அறையில் அப்பா புரண்டு படுக்கிறார். சிம்னி விளக்கின் திரியை இறக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

கரிவலம்வந்தநல்லூரில் உங்கள் ஐ.ஆர். எட்டு நெல் வயலில் கதிர் பால் பிடித்திருந்தது. ஒரு நாவாய்ப்பூச்சியைப் பிடித்து என் மூக்கருகே நீட்டினாய்.

"மோந்து பாருட்டி. என்ன வாடை?"

"எங்க வீட்டு மூட்டைப்பூச்சி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

நீ வரப்பிலேயே குதித்தாய். "அதாம்ட்டி! ரெண்டும் சொக்காரங்க. ரெண்டுக்கும் ஊசி வாயி. ஒண்ணு நெல்லுல பால் குடிக்கும், ஒண்ணு உங்கப்பா முதுகுல குடிக்கும். ஒரு காலத்துல ஒரே தாய் வயித்துப் பிள்ளைக. தீனி மாறவும் பிரிஞ்சு போச்சுக."

பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு நீ செய்த அட்டைப்பெட்டியில் எல்லாமே அப்படித்தான்: நெல்லைக் கெடுக்கும் ஒரு வயல்பூச்சி, பக்கத்தில் அதன் பங்காளி. புகையானுக்குப் பக்கத்தில் சில்வண்டு. ஆனைக்கொம்பன் ஈக்குப் பக்கத்தில் கொசு. நாவாய்ப்பூச்சியின் பங்காளியை மட்டும் நான்தான் தீப்பெட்டியில் கொண்டுவந்து தந்தேன். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரம். வீட்டில் மூட்டைப்பூச்சி இருப்பது வெளியே தெரிந்தால் தோலை உரித்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தாய். பங்குனியில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோகும்வரை சொல்லவே இல்லை.

இன்று கண்காட்சி. உன் பெட்டியைப் பார்க்க உன் அம்மா வந்திருந்தார்கள். நம் வகுப்புப் பிள்ளைகள் அதைச் சுற்றி நின்றார்கள்.

"ஏட்டி, வயப்பூச்சிக்கு நடுவுல மூட்டைப்பூச்சி கெடக்கு பாரு!"

"அவ பாயிலருந்து கூடவே பஸ் ஏறி வந்திருக்கும்."

ஒரே சிரிப்பு. டீச்சர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். "இது யார் வீட்டுப் பூச்சி?"

எனக்குத் தெரியும். அது ஏன் அங்கே இருக்கிறது என்பதும் தெரியும். அப்பாவின் முகம் கண்முன் வந்தது. ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். "எங்க வீட்டுதாத்தான் இருக்கும் டீச்சர். பிள்ள தெரியாம வச்சிட்டா. எடுத்துப் போட்டுருங்க."

தெரியாமலா வைத்தாய்? டீச்சர் குண்டூசியோடு அதைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

போகும்போது உன் அம்மா வாசலில் என்னை நிறுத்தி, கன்னத்தைத் தடவினார்கள்.

"எல்லாரும் சிரிச்சாளுவ. நீ ஒருத்திதான் சிரிக்கல, மக்கா."

முகத்தை எத்தனையோ தடவை கழுவிவிட்டேன். அந்தக் கை இன்னும் என் கன்னத்தில்தான் இருக்கிறது.