நயீமா பூங்கா

செப்டம்பர் 23, செவ்வாய்

அன்புள்ள ஃபுதீலுக்கு,

இது உன் கைக்கு வரும்போது மொன்றியாலில் காலையாக இருக்கும். காப்பியைக் குடித்துவிட்டுப் படி. நானும் உன் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்காலைத் தவிர.

ஏன் பேசாமல் எழுதுகிறாள் என்று நினைப்பாய். தொலைபேசியில் என் குரல் கொஞ்சம் இறங்கினாலே "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று ஆரம்பித்துவிடுகிறாய். எழுத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

பூங்கா வேலை முடிந்துவிட்டது. நாம் காகிதத்தில் போட்ட கோடு இப்போது தரையில் கிடக்கிறது. வறண்ட ஓடையின் மடியில் இரண்டரைக் கிலோமீட்டர் நடைபாதை. நான்கு அடுக்ககத் தொகுதிகளையும் ஒரு பள்ளிக்கூடத்தையும் இணைக்கிறது, நடுவில் ஊஞ்சல்கள். சுற்றுச்சாலையைப் பிள்ளைகள் கடக்கவே வேண்டாம். கீழே சுரங்கப்பாதையில் போகலாம். அந்தச் சுரங்கப்பாதை என்னுடைய யோசனை. அதற்காக எத்தனை கூட்டங்களில் சண்டை போட்டேன், உனக்குத் தெரியும்.

ஞாயிறன்று, வாரத்தின் முதல் வேலைநாளில், பள்ளி திறந்தது. உன் அக்கா ஸக்கியாவின் மகள் ரீஹாம் அந்த வழியாகத்தான் போகிறாள். சுரங்கத்துக்குள் நின்று பெயரைக் கத்தினால் மூன்று முறை திரும்பி வருகிறதாம். அறுநூறு பிள்ளைகளும் கத்துகிறார்கள். அக்டோபர் பதினொன்றாம் தேதி, சனிக்கிழமை, திறப்பு விழா. ஆளுநர் வருகிறார். மேளம் உண்டு, குதிரைக்காரர்களின் துப்பாக்கி வேட்டும் உண்டு.

பெயர்ப்பலகை எழுதுகிற தாஹர் கூப்பிட்டார். "மேடம், பிளான்ல பிரெஞ்சுல போட்டிருக்கு. அரபில எப்படி எழுத? நயீமாவா, நாயிமாவா?"

நான் அவசரத்தில் இருந்தேன். "நயீமாதான். பொம்பளை பேரு. வேற என்ன?"

"எனக்கென்ன மேடம், ரெண்டுக்கும் அதே பெயின்ட்டுதான்" என்றார்.

நீல எழுத்தில் அழகாக எழுதிவிட்டார். நயீமா பூங்கா. நேற்று அதன் கீழே நின்று பார்த்தேன். பிறகு சுரங்கத்துக்குள் நடந்தேன். உள்ளே குளிர்ந்த காற்று. ஓடையின் மேல்பக்கத்திலிருந்து வந்தது. ஏனோ வேகமாக வெளியே வந்துவிட்டேன். வெளியே வெயில். காரணம் சொல்லத் தெரியவில்லை.

அங்கே இஞ்சினியராக வேலை பார்க்க உனக்கு வேண்டிய தகுதிச் சான்று எவ்வளவில் இருக்கிறது? உன் பழைய அலுவலகமான எங்கள் அலுவலகத்திலிருந்து வரவேண்டிய உறுதிக் கடிதம் இயக்குநரின் மேசையில் இருக்கிறது. அடுத்த வாரம் கையெழுத்து ஆகும் என்கிறார். அது வந்தால் உனக்கு வேலை. உனக்கு வேலை வந்தால் எனக்கு விசா. தினமும் அந்த மேசையைக் கடந்து போகிறேன்.

கம்பளி உடுத்திக்கொள்.

உன்,
ரஸீக்கா


அக்டோபர் 2, வியாழன்

அன்புள்ள ஃபுதீலுக்கு,

அம்மா சுகம். நான் சுகம் என்று எழுதினால் பொய்.

நான்காம் தொகுதிப் பெண்கள் என் பெஞ்சுகளில் உட்கார ஆரம்பித்திருக்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் திங்களன்று போனேன். சந்தோஷமாகத்தான் போனேன். நடுவில் கோகா. அடுக்ககம் வருவதற்கு முன்பே இந்த ஓடைக்கரையில் குடிசை போட்டு இருந்தவள். இப்போது மூன்றாம் மாடியில் ரொட்டி சுட்டு விற்கிறாள்.

என்னைப் பார்த்ததும் அவள்தான் ஆரம்பித்தாள். "இஞ்சினியரம்மா, வாங்க. ஒரு சந்தேகம். யாரு இந்த நயீமா? ஆளுநரோட மாமியாரா?"

"ரெண்டாம் சம்சாரமா இருக்கும்டி. மாமியாருக்கு யாரு ஊஞ்சல் போடுவா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஓடையின் பெயர்தானே, வரைபடத்தில் இருக்கிறதே என்றேன்.

கோகா சிரிப்பை நிறுத்தினாள். "வரைபடத்துல நயீமான்னா இருக்கு? இது நாயிமா, பொண்ணே. தூங்குறவ. இவ படுத்துக் கெடக்குறா. எங்க அம்மா காலத்துல ஒருதரம் எந்திரிச்சா. என் காலத்துல ஒருதரம்."

பிரெஞ்சு எழுத்தில் இரண்டும் ஒன்றுதான், ஃபுதீல். நாம் வீட்டில் ஒரு மொழி பேசுகிறோம், பலகையில் ஒன்றை எழுதுகிறோம், அலுவலகத்தில் மூன்றாவதில் வரைகிறோம். வரைபடத்தில் ஐந்து எழுத்து. நான் அதில் ஒரு பெண்ணைப் படித்தேன். ஒரு பெண்ணுக்குப் பூங்கா கட்டினேன்.

எப்போது எழுந்தாள் என்று கேட்டேன்.

"இந்த அக்டோபரோட இருபத்தாறு வருஷம். என் அக்கா துணி தொவைக்கப் போனா. இங்க சுள்ளுன்னு வெயில். மழை மலையில. நாங்க ஒரு தூத்தல்கூட பார்க்கல. சத்தம்தான் மொதல்ல வந்துச்சு. லாரி வருதுன்னு நெனச்சோம்."

அக்கா என்ன ஆனாள் என்று நான் கேட்கவில்லை. கோகா ரொட்டிக் கூடையின் துணியை இழுத்து மூடினாள்.

பிறகு பக்கத்துக்காரி சொன்னாள். இலையுதிர்காலத்தின் முதல் மேகம் வந்துவிட்டால் இவர்கள் ஓடைக்குக் குறுக்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களாம். சத்தத்தில் அவள் விழித்துவிடுவாளாம், அதனால் கையைத்தான் ஆட்டுவார்களாம். "நீங்க மேளமே அடிக்கப் போறீங்களாமே" என்று மறுபடி சிரித்தாள். இந்த முறை வேறு யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு ரீஹாம் ஞாபகம் வந்தது. மூன்று முறை திரும்பி வரும் பெயர்.

அலுவலகம் திரும்பி உன் நீரோட்ட அறிக்கையை எடுத்தேன். "செயலற்ற ஓடை." இருபது வருட மழைக் கணக்கு. இருபது, ஃபுதீல். அவள் எழுந்து இருபத்தாறு.

நாம் முதலில் நிலம் பார்க்கப் போன அந்த ஆகஸ்டின் படங்களையும் எடுத்தேன். வளைவில் நிற்கும் காட்டுப் பிஸ்தா மரம். கவட்டையில் வைக்கோல் கொத்து. படத்தின் கீழே என் கையெழுத்தில்: பறவைக் கூடு.

நேற்று ஏணி கொண்டுபோய் ஏறினேன். வைக்கோல், சேறு, நீலப் பிளாஸ்டிக் கயிறு ஒரு முழம். கயிற்றின் நுனியில் முடிச்சு. ஆடு கட்டுகிற முடிச்சு. எந்தப் பறவையும் அதைப் போடாது.

அளவு நாடாவைத் தொங்கவிட்டேன். நடைபாதையிலிருந்து கவட்டை வரை, வெள்ளம் அதை விட்டுப்போன உயரம், மூன்று மீட்டர் பத்து. சுரங்கப்பாதையின் உயரம் இரண்டரை.

மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் அதே எண்.

இப்போது எனக்கு எல்லாம் சத்தமாகக் கேட்கிறது. குளிர்பெட்டி. மேல்வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம். சுற்றுச்சாலையில் லாரிகள். லாரிகள்தானா என்று ஒவ்வொரு முறையும் காது கொடுக்கிறேன்.

என்ன செய்யவேண்டும் என்று தெரியும். அறிக்கை தவறு என்று எழுதிக் கொடுக்கவேண்டும். அறிக்கையில் உன் பெயர். உன் உறுதிக் கடிதத்தில் உன் வேலைகளின் பட்டியல், அதில் முதல் வரி இந்த ஓடை. எனக்குப் பயம். எதற்குப் பயம் என்று ஒரே ஒரு பதில் இருந்தால் நன்றாக இருக்கும்.

உடனே எழுது. தொலைபேச வேண்டாம். எழுது.

உன்,
ரஸீக்கா


அக்டோபர் 12, ஞாயிறு

அன்புள்ள ஃபுதீலுக்கு,

நீ எழுதவில்லை. கூப்பிட்டாய். "பொம்பளைங்க பெஞ்சுல உக்காந்து பேசுறதை வச்சு ஓடையை அளப்பியா?" என்றாய். பிறகு உன் குரல் மென்மையானது. "சான்று வரட்டும் ரஸீக்கா. ரெண்டே மாசம். அதுக்கப்புறம் நானே சரிபார்த்து எழுதித் தரேன்." இரண்டு மாதத்தில் டிசம்பர். கோகாவின் அக்கா போனது அக்டோபரில்.

நீ பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் படம் என் எதிரே இருந்தது. எத்தனையோ முறை பார்த்த படம். மரத்துக்கடியில் நீ நிற்கிறாய். தொப்பி கையில். தலை நிமிர்ந்திருக்கிறது. நீ என்னைப் பார்க்கவில்லை. கவட்டையைப் பார்க்கிறாய்.

அன்று நான் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு "அது என்ன?" என்று கேட்டேன். நீ தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாய். பிறகு சொன்னாய்: "கூடுன்னு எழுது. வெயில் ஏறுது, வா."

கையெழுத்து என்னுடையது. சொல் உன்னுடையது. இதை நான் மறக்கவில்லை, ஃபுதீல். இதற்கு முன் அதை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டி வரவில்லை. அவ்வளவுதான்.

புதனன்று இயக்குநரிடம் போனேன். கயிற்றை ஒரு உறையில் போட்டுக் கொண்டுபோனேன். அவர் உறையைத் திறக்கவே இல்லை. "என்ன மகளே, ரிப்பன் வாங்கியாச்சு. குதிரைக்காரனுக்குச் சொல்லியாச்சு. இப்ப வந்து ஓடைக்குத் தூக்கம் கலையும்ங்குற?"

சுரங்கப்பாதையை மட்டுமாவது மூடுங்கள் என்றேன். ஊஞ்சல்களை மேட்டுக்கு மாற்றலாம், பாதையைக் கரைமேல் கொண்டுபோகலாம், புதிய கோடு வரைந்து வைத்திருக்கிறேன் என்றேன்.

"எழுத்துல குடு. ஆனா யோசிச்சுக் குடு. இதுல உன் பேரு ஒரு எடத்துல, உன் வீட்டுக்காரர் பேரு பதினாலு எடத்துல இருக்கு. அவரோட கடிதமும் இதோ என் மேசையில இருக்கு." அவர் மிரட்டவில்லை. உண்மையில் என்மேல் இரக்கப்பட்டார். அதுதான் பயமாக இருந்தது.

எழுத்தில் கொடுத்தேன். இரண்டு பக்கம். நிலம் பார்க்கப் போனபோது நான் தவறாகக் குறித்தேன், அந்தக் குறிப்பை நம்பி நீரோட்ட அறிக்கை எழுதப்பட்டது என்று எழுதினேன். கூடு என்று சொன்னது யார் என்று எழுதவில்லை. அங்கே ஒரு வரி இடம் விட்டேன். பிறகு அந்த இடத்தைக் கோடு போட்டு மூடினேன்.

நேற்று விழாவுக்கு ஆளுநர் வரவில்லை. எச்சரித்துக் கையெழுத்திட்ட காகிதம் ஒன்று இருக்கும் இடத்துக்குப் பெரியவர்கள் வருவதில்லை என்று தெரிந்துகொண்டேன். மேளம் அடிக்கவில்லை. சுரங்கத்தின் இரண்டு வாயிலிலும் கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். பூட்டுப் போட்டவர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். யாரும் அதைத் தங்களிடம் வைத்துக்கொள்ள விரும்பவில்லை.

உன் உறுதிக் கடிதத்தை இயக்குநரின் மேசையில் காணவில்லை. எங்கே என்று கேட்கவில்லை.

இன்று காலை பிள்ளைகள் சுற்றுச்சாலையைக் கடந்தார்கள். நானும் ஒரு போலீஸ்காரரும் கையை நீட்டி நின்றோம். லாரிக்காரர்கள் திட்டினார்கள். தாய்மார்கள் அதைவிட நன்றாகத் திட்டினார்கள். "அழகா ஒரு வழி இருந்துச்சு, பூட்டிட்டு ரோட்டுல விடுறா பாரு." ஸக்கியா என்னோடு பேசவில்லை. ரீஹாமின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள்.

வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. பத்து நாளாக ஒரு மேகம் இல்லை. மழை வந்துவிடுமோ என்று பயப்படுகிறேன். வராமலே போய்விடுமோ என்றும் பயப்படுகிறேன். வராவிட்டால் வசந்தத்தில் யாராவது என்னிடம் சாவி கேட்பார்கள். இந்த இரண்டாவது பயத்தை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

பலகைக்காரர் தாஹரைக் கூப்பிட்டேன். ஓர் எழுத்தை அழிக்கவேண்டும், ஓர் எழுத்தைச் சேர்க்கவேண்டும் என்றேன். "ஒரு எழுத்துக்காகவா மேடம் ஏணி தூக்கிட்டு வரணும்? நான்தான் அன்னிக்கே கேட்டேன்ல." வந்தார். முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். ஏணியிலிருந்து இறங்கி, தள்ளி நின்று படித்தார். பிறகு மெல்லிய குரலில் "இப்ப படிச்சா வேற மாதிரி இருக்கு" என்றார். ஏணியைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பக்கமாகப் போனார். வந்தது ஓடை வழியாக.

சாயங்காலம் கோகா வந்து பலகையைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. நான் படித்துக் காட்டினேன். கூடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து என் மடியில் வைத்தாள். சூடாக இருந்தது. பிறகு கரையேறிப் போனாள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் கையை ஆட்டினாள்.

இதை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கோபம் இருந்தால் இரு. விசா, சான்று, எல்லாவற்றையும் நான் பூட்டிவிட்டேன் என்று நினைத்தால் நினை. நீ அன்று மேலே பார்த்தபோது என்ன தெரிந்தது என்று மட்டும் எழுது. ஒரே ஒரு சொல். கூடு என்றால் கூடு என்றே எழுது, நம்புகிறேன். வேறு சொல் என்றால் அதையும் எழுது. அதற்குப் பிறகும் உன் அம்மாவின் முழங்காலுக்கு நான்தான் எண்ணெய் தேய்ப்பேன்.

நீ இருக்கும் வீடு மேட்டில் இருக்கட்டும். உனக்கு நல்ல தூக்கம் வரட்டும். யாரும் குறுக்கே நின்று உன் பெயரைச் சொல்லி உன்னை எழுப்பாமல் இருக்கட்டும்.

நான் மட்டும் இங்கிருந்து ஒருமுறை கூப்பிட்டுக்கொள்கிறேன்.

ஃபுதீல்.

ரஸீக்கா