ஏழாம் அத்தியாயம் யாருடையது

கொச்சபம்பா,
4 மார்ச் 2013

அன்புள்ள கொமாத்ரே எலோதியாவுக்கு,

இங்கே நலம். நீங்களும் என் ஞானமகள் மார்லெனியும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. உங்கள் மகளுக்கு நான் ஞானத்தகப்பன் ஆன நாள்முதல் நீங்கள் எனக்குக் கொமாத்ரே, நான் உங்களுக்குக் கொம்பாத்ரே அல்லவா.

ஒரு காரியமாக எழுதுகிறேன். நம் சமுதாய வானொலிகளின் மென்பொருளுக்கு ஊர் ஊராக ஆட்கள் சேர்ந்து இணையத்தில் ஒரு கையேடு எழுதினோம் அல்லவா? அதற்கு உரிமம் என்று ஒன்றை எழுதிவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மென்பொருள் பொது, ஆகவே கையேடும் பொது என்று நினைத்துக்கொண்டோம். சட்டப்படி அவரவர் எழுதியது அவரவருக்கே சொந்தமாம். ஐமாரா மொழியில் மொழிபெயர்க்க வந்த புனோ வானொலிக்காரர்கள், யாரைக் கேட்பது என்று தெரியாமல் கையைப் பிசைகிறார்கள்.

அதனால் எழுதிய ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்குகிறோம். புது உரிமப்படி யாரும் நகலெடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். எழுதியவர்களின் பெயரை மட்டும் எடுக்கக் கூடாது. மாற்றியதையும் இதேபோல் திறந்துவிட வேண்டும். எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். பாக்கி ஏழாம் அத்தியாயம்தான்: மின்சாரம் போய் வந்தபின் நிலையத்தை மறுபடி பேசவைப்பது எப்படி என்று ருஃபினோ எழுதியது. அவன் இறந்தபின், மனைவி என்ற முறையில் அது உங்களுடையது. சம்மதத் தாள் இத்துடன் இருக்கிறது.

உங்கள்
ஃபௌஸ்தோ

---

உயுனி,
11 மார்ச்

மரியாதைக்குரிய கொம்பாத்ரேவுக்கு,

பஸ்ஸில் கொடுத்தனுப்பிய கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். உங்கள் பெயரைக் கேட்டாலே மார்லெனி குதிக்கிறாள். பிறந்தநாளுக்கு எட்டிப் பார்க்காத ஞானத்தகப்பன் மேல் எனக்குத்தான் கோபம். ருஃபினோ உட்கார்ந்த நாற்காலியில் இப்போது நான் உட்கார்ந்து நிலையத்தை ஓட்டுகிறேன். குளிரில் விரல் மரத்துப்போகிறது.

தாளில் கையெழுத்துப் போடவில்லை. எவனோ லா பாஸில் அச்சடித்து விற்பான் என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மாற்றலாம் என்பதைப் பொறுக்க முடியவில்லை. அவர் எழுதியதில் கைவைக்க இவர்கள் யார்? மாற்றக் கூடாது என்று சொல்லும் உரிமமும் உண்டு என்று இங்கே இன்டர்நெட் கடைக்காரர் சொல்கிறார். அதைப் போடுங்கள், அன்றே கையெழுத்திடுகிறேன்.

எலோதியா

---

கொச்சபம்பா,
20 மார்ச்

அன்புள்ள கொமாத்ரேவுக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. பிறந்தநாள் விஷயத்தில் எனக்கு வாயே இல்லை.

விற்பதைப் பற்றி நாங்களும் அடித்துக்கொண்டோம். தடுத்தால், எல் ஆல்தோவில் கையேட்டை ஜெராக்ஸ் எடுத்துத் தைத்துக் கொடுக்கிற அம்மாளும் திருடியாகிவிடுவாள். ரொட்டிக்கடை விளம்பரம் போடுகிற நம் வானொலிகளையே வியாபாரம் என்று ஒருவன் சொல்லிவிடலாம். மாற்றுவதைத் தடுத்தாலோ, மொழிபெயர்ப்பும் மாற்றம்தானே? ஐமாராக் கையேடு வரவே வராது.

இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது: மென்பொருளின் புதுப் பதிப்பில் ஏழாம் அத்தியாயம் தவறாகிவிட்டது. போதோசிப் பக்கம் ஒரு பெண் அதன்படியே செய்து, ஒரு வாரத்து ஒலிப்பதிவுகளை இழந்துவிட்டாள். கையேடு எழுதியவர்களின் கூட்டத்தில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். "அந்தம்மா சம்மதிக்கலேன்னா அத எடுத்துட்டு நீயே புதுசா எழுதிடு ஃபௌஸ்தோ. நீதானே அவனோட சிநேகிதன்" என்றார்கள். சரி என்றுவிட்டேன். உங்களுக்குத் தெரியாமல் செய்ய மனசு வரவில்லை.

உங்கள்
ஃபௌஸ்தோ

---

உயுனி,
27 மார்ச்

திரு. ஃபௌஸ்தோ அவர்களுக்கு,

அப்படியே செய்யுங்கள். உங்கள் பெயரையும் பெரிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். கொம்பாத்ரே என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

எலோதியா

---

கொச்சபம்பா,
15 ஏப்ரல்

கொமாத்ரே,

நீங்கள் எப்படி அழைத்தாலும் நான் இப்படித்தான் அழைப்பேன்.

எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. எந்த வாக்கியத்தைத் தொடங்கினாலும் அவன் சொன்ன மாதிரியே வருகிறது. அதை என்னுடையது என்று போட்டால் திருட்டு. வேண்டுமென்றே வேறு மாதிரி எழுதினால் படிக்கிறவனுக்குப் புரியவில்லை. அந்த விஷயத்தை அவ்வளவு தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கூட்டத்தில் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கையேடு மே மாதம் வெளிவரும். ஏழாவது இடத்தில் தலைப்பு மட்டும் இருக்கும், கீழே வெற்றுப் பக்கம். திட்டினார்கள். திட்டட்டும்.

மார்லெனிக்கு முத்தங்கள்.

ஃபௌஸ்தோ

---

உயுனி,
2 மே

அன்புள்ள கொம்பாத்ரேவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, வெற்றுப் பக்கமாவது அவருக்கென்று இருக்கட்டும் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

போன வாரம் உப்பளத்துக்கு அந்தப் பக்கத்து வானொலியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். "கரண்டு வந்துடுச்சுக்கா, ஆனா பெட்டி பேசமாட்டேங்குது. கையேட்டுல சொன்னபடிதான் செஞ்சேன்" என்றாள். அழாத குறை. எனக்கு விடை தெரியும். புதுப் பதிப்பில் நானும் அப்படி மாட்டிக்கொண்டு, தடவித் தடவிக் கண்டுபிடித்தது. எதைத் தொடக் கூடாது, எதை முதலில் திறக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நிலையம் பேசியது. அவள் நன்றி சொல்லிவிட்டுக் கேட்டாள்: "இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கீங்க, ஏன்க்கா இதுல எழுதல?"

ஏதோ சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உங்களிடம் சொல்கிறேன். அந்த அத்தியாயம் அப்படியே இருக்கிறவரை, கடைசியாகப் பேசியவர் அவர்தான். அதில் யாராவது ஒரு வரி எழுதிவிட்டால் அவர் பேசி முடித்துவிட்டார் என்று ஆகிவிடும். நான் மறுத்ததற்குக் காரணம் இவ்வளவுதான் கொம்பாத்ரே. உரிமமும் கிடையாது, சட்டமும் கிடையாது.

மறுநாள் நிலையத்தில் உட்கார்ந்து அவர் எழுதியதைத் திறந்தேன். தவறாகிப்போன படியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் நாலு வரி எழுதினேன். அழுகை வந்தது. எழுதி முடித்துவிட்டு முழுவதையும் உரக்கப் படித்துப் பார்த்தேன். அவர் நடுவில் நிறுத்துகிறார், நான் பேசுகிறேன், மறுபடி அவர் தொடர்கிறார். கேட்க நன்றாகவே இருந்தது.

நீங்கள் அனுப்பிய தாளில் அவருக்காகக் கையெழுத்திட்டிருக்கிறேன். என் சம்மதமும் வேண்டுமல்லவா, நானும் எழுதியவள்தானே? வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். என் பெயரை அவர் பெயருக்குப் பின்னால் போடுங்கள்.

என் நாலு வரி சரியில்லை என்றால் மாற்றிவிடுங்கள். என்னைக் கேட்க வேண்டாம்.

உங்கள் கொமாத்ரே
எலோதியா