காலை முதல் சிறு நீர்

ஜனவரி 6, திங்கள்
எழுத்து கோணலாக இருக்கிறது. 'ழ' கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது. மன்னிக்க வேண்டும், அறுபத்தொன்பது வயதில் எழுத்தறிவு மையத்தில் கற்றது. தோல் பதனிடும் ஷாப்பில் உழைத்த கை, பேனாவையும் அழுத்தியே பிடிக்கிறது.
இன்றும் என் மனைவி ஜெய்தூனுக்கு அந்தப் படபடப்பு வந்தது. பாய் மடக்கக் குனிந்தாள். நெஞ்சு படபடவென்று அடித்து, முகம் வெளுத்து, வேர்த்துக் கொட்டியது. கால் மணி நேரத்தில் சரியானது. நான்கு வருடமாக இப்படித்தான். பிரஷர் மாத்திரை, உப்பில்லாக் கஞ்சி. "பயந்தாங்கொள்ளி" என்று நான் கேலி செய்தேன்.

ஜனவரி 9, வியாழன்
ஆஸ்பத்திரியில் புது டாக்டரம்மா விவரமாகக் கேட்டார். ஒரு நாள் முழுதும் ஒண்ணுக்குப் பிடித்துவர ஒரு கேன் கொடுத்தார்கள். கூடவே ஒரு தாள். அதை நானே படித்தேன்!

ஜனவரி 10, வெள்ளி
வெட்கமாக இருக்கிறது. தாளில் "காலை முதல் சிறுநீர் வேண்டாம்" என்று இருந்தது. காலையிலிருந்து கொஞ்சம் தண்ணீர்கூடக் கூடாது என்று எடுத்துக்கொண்டேன். மதியம் வரை அவளைக் குடிக்க விடவில்லை. மகள் நஸீரா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.
"அத்தா, சிறுநீர்னா ஒண்ணுக்கு! காலைல மொதத் தடவ போறதச் சேக்க வேணாம்னு போட்டிருக்கு."
ஜெய்தூன் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "இன்னும் ரெண்டு எழுத்து படிச்சா என்னயக் கபன் துணியில சுத்தி அடக்கிருவீக."
நாளை வேறு கேன். முதலிலிருந்து பிடிக்க வேண்டும்.

ஜனவரி 21, செவ்வாய்
ரிசல்ட்டில் ஏதோ ஒரு ஹார்மோன் அளவு எகிறியிருந்தது. ஸ்கேனும் எடுத்தாயிற்று. டாக்டரம்மா வரைந்து காட்டினார். வலது சிறுநீரகத்தின் மேல் தொப்பி வைத்தாற்போல ஒரு சுரப்பி, அட்ரீனல். அதில் எலுமிச்சை அளவு கட்டி. நினைத்த நேரம் அது எதையோ ரத்தத்தில் கொட்டுகிறதாம்.
"இவங்க பயப்படலய்யா. எல்லாம் இந்தக் கட்டி பண்ற வேலை."
என்னால் தலை நிமிர முடியவில்லை. நான்கு வருடம் கேலி செய்தேனே?
எடுத்துவிட்டால் சரியாகும். ஆனால் கட்டியை அடக்காமல் கத்தி வைத்தால் பிரஷர் எகிறி உயிருக்கே ஆபத்து. அதனால் முதலில் இரண்டு வாரம் வேறு மாத்திரை. கூடவே நிறையத் தண்ணீர், நிறைய உப்பு.
"உப்பா?" என்று ஜெய்தூன் இரண்டு முறை கேட்டாள்.

ஜனவரி 27
கருவாட்டுக் குழம்பு. இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

பிப்ரவரி 5, புதன்
நாளை ஆபரேஷன். சம்மதக் கடிதத்தோடு, கைநாட்டு வைக்க நர்ஸ் மை டப்பாவையும் நீட்டினார். வேண்டாம் என்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். புரியாத சொல்லுக்கெல்லாம் நிறுத்தி அர்த்தம் கேட்டேன். அரை மணி நேரம்.
"பெரியவரே, பரீட்சையா எழுதப் போறீங்க?"
"ஒருக்கா தப்பாப் படிச்சுட்டேன்மா."
"உயிருக்கு ஆபத்து நேரலாம்" என்ற வரி மட்டும் யாரிடமும் கேட்காமலே புரிந்தது. அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 6
உள்ளே போய் மூணு மணி நேரமாச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல. யா அல்லாஹ் —

பிப்ரவரி 13, வியாழன்
நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். பிரஷர் 120/80.
இன்று நான் டீ போட்டேன். "இது டீயா, பாத்திரம் கழுவுன தண்ணியா? அம்பது வருசமா இந்த வீட்டுல இருக்கீக, அடுப்படி எந்தப் பக்கம்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். குரலை உயர்த்தினால் படபடப்பு வந்துவிடும் என்று நான்கு வருடமாக அடக்கி வைத்திருந்த சத்தம் தெருவரை கேட்டது. கை நெஞ்சுக்குப் போகவில்லை. ஒரு சொட்டு வேர்வை இல்லை.
அவள் திட்டுவதை ஒன்று விடாமல் எழுதிவிட உட்கார்ந்தேன். நான் டீயிலேயே நிற்கிறேன், அவள் எங்கள் கல்யாணத்துக்கே போய்விட்டாள். மீதித் திட்டை அடுத்த வாரம் எழுதுகிறேன்.