நான் அவிழ்த்த நாலு பை

1958 ஏப்ரல் 24, குமுளி

பெருநாள் முடிந்து கடை திறந்தேன். ஏலக்காய் வரத்து இல்லாத மாசம். மிளகு மட்டும் கொஞ்சம் வருகிறது.

என் வீட்டுக்காரி ஐசும்மாவின் அண்ணன் நூஹு பாலக்காட்டிலிருந்து வந்திருக்கிறார். எங்கள் மகள் கதீஜாவைத் தன் மகனுக்குக் கேட்கிறார். "பத்தாங்கிளாஸ் எதுக்கு மச்சான்? படிச்சது போதும், நிறுத்துங்க" என்றார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பதில் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். கதீஜாவுக்குக் காலேஜ் போய் சயன்ஸ் படிக்க ஆசை. மச்சான் பேச்சு காதில் விழுந்திருக்கிறது. சோற்றுத் தட்டைச் சத்தமாக வைத்தாள். பையன் நல்லவன்தான். ஆனாலும்?

ஏப்ரல் 28

பள்ளிக்கூடத்து கத்தரீனாள் டீச்சர் கடைக்கே வந்துவிட்டார். அவர் வீட்டுக்காரர் சுவக்கீன் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தில் ஆபீசர். லீவு முடியும்வரை கதீஜா அங்கே வேலை பழகட்டுமாம். டீச்சரே பஸ்ஸில் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். சரி என்றேன்.

"ஏனுங்க, அண்ணன் கேட்டா என்ன சொல்றது?" என்றாள் ஐசும்மா.

நான் ஒன்றும் இளகிப்போகவில்லை. எந்தச் செடி நிறையக் காய்க்கும் என்று மற்ற கடைக்காரனுக்கு முன்னால் எனக்குத் தெரிந்தால் லாபம்தானே. நம் வீட்டு ஆளே உள்ளே போகிறது.

மே 2

எந்தச் செடி நன்றாகக் காய்க்கிறது என்று கதீஜாவிடம் கேட்டுப் பார்த்தேன். "சார் எல்லாருக்கும் சொல்ற அன்னிக்கு உங்களுக்கும் சொல்றேன் அத்தா" என்கிறாள். என் மகளா இது? என் மகள்தான். வியாபாரத்தை வெளியே விடாத வாய்.

மே 6

இன்று அவளாகவே கொட்டினாள். பாவாடை முழுக்கச் சேறு. வாயில் சோறு, சோற்றுக்கு நடுவில் பேச்சு. ஏலப்பூ காலையில் விரிந்தால் மறுநாள் இல்லையாம். தேனீ வராவிட்டால் காய் பிடிக்குமா என்று பார்க்க, பூச்சரங்களுக்கு மெல்லிய துணிப்பை கட்டியிருக்கிறாள். அந்த வரிசை முழுக்க அவள் பொறுப்பு. இத்தனை வருஷம் காயை வாங்கி விற்கிறேன், அது எப்படி வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. தெரிந்து என்ன ஆகப்போகிறது? ஆனாலும் சோறு ஆறும்வரை கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

மே 12

தப்பு செய்துவிட்டேன்.

அந்தப் பக்கம் மிளகு பார்க்கப் போனவன் நிலையத்துக்குள் எட்டிப் பார்த்தேன். கதீஜா உள்ளே பூதக்கண்ணாடியில் கண் வைத்திருந்தாள். வெளியே செடிக்கடியில் வரிசையாகக் கட்டிய பைகள். கட்டின பையைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா? அவிழ்த்துச் சரக்கு பார்க்காமல் ஒரு மூட்டையைத் தாண்டியதில்லை. நாலு பையை அவிழ்த்தேன், அதற்குள் சுவக்கீன் டீ குடிக்கக் கூப்பிட்டார். திரும்பி வந்தபோது பூவுக்குப் பூ தேனீ. அவசரமாகக் கட்டிவைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

மே 13

கண்டுபிடித்துவிட்டாள். "அத்தா, அங்க யாரும் மூட்டை முடிச்சு போடறதில்ல. இது நம்ம கடை முடிச்சு!" கண்ணெல்லாம் தண்ணீர்.

"நாலு பைதானே. சொல்லாம விட்டுட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே!"

நாளைக்கு ஆபீசரிடம் சொல்லப்போகிறாளாம். வேலையைக் கெடுத்தவள் என்று நிறுத்திவிட்டால்? மச்சானுக்கு நானே வழிவிட்ட மாதிரி ஆகிவிடும். ச்சே, இந்தக் கை.

மே 14

நிறுத்தவில்லை! டீச்சர்தான் வந்து சொன்னார், சுவக்கீன் விழுந்து விழுந்து சிரித்தாராம். அந்த நாலு சரத்துக்கும் சிவப்பு நூல் கட்டித் தனியாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். கதீஜா இன்னும் என்னோடு பேசவில்லை. டீ மட்டும் வருகிறது, சர்க்கரை இல்லாமல்.

மே 29

இன்று எல்லாருக்கும் சொல்லும் நாள். என்னையும் கூப்பிட்டார்கள். மூடியே இருந்த பைகளில் ஒரு காய்கூட இல்லை. என் நாலு சரத்தில் மட்டும் பச்சைப் பிஞ்சு! "உங்களுக்கும் தேனீக்கும் கூட்டு வியாபாரம் போல இருக்கே ராவுத்தரே!" என்றார் சுவக்கீன். டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும் என்று கதீஜா எல்லார் முன்னாலும் நின்று விளக்கிச் சொன்னாள். தேன்பெட்டி வைக்கிற தோட்டத்துச் சரக்கை இப்போதே பேசிவைக்க வேண்டும்.

வீடு வந்ததும் என் துண்டை இழுத்துத் தன் கைமேல் போட்டுக்கொண்டாள். ஏலக்காய் விலையை வியாபாரிகள் நாங்கள் வாயால் பேசுவதில்லை. துண்டுக்கடியில் விரல் பிடித்துத்தான் பேசுவோம். "எதுக்கு விலை?" என்றேன். "எத்தனை வருஷம் படிக்கலாம்னு."

ஒரு விரல் கொடுத்தேன், பத்தாங்கிளாஸ் மட்டும். தள்ளிவிட்டாள். இரண்டு. அதையும் தள்ளினாள். என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் ஒன்று, காலேஜ் நாலு.

"கொஞ்சம் கொறைச்சுக்க புள்ளே."

"ஒரே விலைதானுங்க அத்தா."

கையை உருவப் பார்த்தேன். விடவில்லை.

மே 31

மச்சான் நூஹு வந்தார். ஐந்து வருஷம் கழித்துப் பேசலாம் என்றேன்.

"அஞ்சா? யாரைக் கேட்டு முடிவு பண்ணினீங்க?"

"முடிஞ்சுது மச்சான். கை குடுத்துட்டேன்."

டீ வேண்டாம் என்று எழுந்தார். ஐசும்மா விடவில்லை. குடித்துவிட்டுத்தான் போனார்.