பூத் லிஸ்டில் இறந்தவர்

மாப்ள,

இலுப்பூர் ஜெராக்ஸ் கடையில் புது வாக்காளர் பட்டியலைச் சூடு ஆறுவதற்குள் கையில் கொடுத்தார்கள். அந்தத் தாள் வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. நீ போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. வேட்பாளர் ஆபீஸில் நம்ம பூத்தின் விவரம் கேட்கிறார்கள்: எந்தத் தெருவில் எந்த ஆட்கள், கிழடு கட்டை எத்தனை, திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனது எத்தனை, யார் ஓட்டு யாருக்கு. இந்த முறை நான் ஒண்டியாகத்தான் எழுத வேண்டும்.

நாம் இருவரும் எழுதிய காலத்தில் அது ஒரு கூத்து. டீக்கடை பெஞ்சில் பட்டியலை விரித்து, நம்ம ஆளுக்கு டிக், எதிராளிக்குப் பெருக்கல் குறி, சந்தேகத்துக்குச் சுழி. கீழத்தெரு முழுக்கப் பெருக்கல் என்பதால் தார் ரோட்டை அதன் முனையோடு நிறுத்தச் சொன்னவனே நீதான். அங்கே ஒரு மேஸ்திரி கல்லுக்குண்டாட்டம் நடமாடிக்கொண்டிருந்தார். அவரை இறந்தவர் என்று தாலுகா ஆபீஸில் எழுதிக்கொடுத்தாய். "செத்தவன் சண்டைக்கு வரமாட்டான் மாப்ள" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

அப்புறம் ஒருநாள் உனக்கு ஞானோதயம். கண்மாய் தூர்வாருகிறோம் என்று கட்சி சொன்னது பொய்யென்று தெரிந்ததும், "இந்தத் தடவ எவனுக்கும் வேல செய்யமாட்டேன்" என்று ஊர் நடுவில் சொன்னாய். உன் பேச்சைக் கேட்டு நம்ம தெருவிலேயே பாதி டிக் சுழியானது. எனக்கு வயிறு எரிந்தது. உன் பெயரை நானும் இறந்தவர் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஓட்டுப்பதிவு அன்று சலவைச் சட்டையில் வரிசையில் வந்தாய். அதிகாரி தாளைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார்.

"நீங்க எறந்துட்டதா இருக்குங்களே!"

அறையே சிரித்தது. நீ வாக்காளர் அட்டையையும் வீட்டில் விட்டு வந்திருந்தாய். "ஏஜெண்டுங்க யாராச்சும் அடையாளம் சொன்னா விட்டுர்றேன்" என்றார். எதிர்க்கட்சி ஏஜெண்டு அந்த மேஸ்திரியின் மகன். அவன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நம்ம கட்சி ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த என் பக்கம் நீ திரும்பி, "சொல்லு மாப்ள" என்றாய்.

"எனக்குத் தெரியலைங்க" என்றேன்.

நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரிங்க, வாரேன்" என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தாய். அட்டையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவாயோ என்று சாயங்காலம் வரை பயந்தேன். நீ வரவில்லை. அதன்பிறகு என் முகத்தில் விழிக்கவும் இல்லை. மனசாட்சி உறுத்தியது என்றெல்லாம் உன்னிடம் பசப்ப மாட்டேன். அன்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நம்ம ஆள் தோற்றான், அது வேறு.

நீ நிஜமாகவே செத்தபோது கேதத்துக்கு வந்த நான் வாசலோடு திரும்பிவிட்டேன். காரியம் முடிந்து சில நாளில் உன் பெண்டாட்டி ஒரு தாளோடு என் வீட்டுக்கு வந்தாள். வாரிசுச் சான்றிதழுக்கு விஏஓ சாட்சிக் கையெழுத்து கேட்டாராம்.

"இதுக்கு எதுக்கு என்கிட்ட வந்த? பக்கத்து வீட்டுக்காரங்க இருக்காங்களே" என்றேன்.

"அவுக உசுரோட இருந்தப்ப தெரியலைன்னீங்களாம். செத்த பெறகாச்சும் தெரியும்னு எழுதிக் குடுங்கண்ணே" என்றாள். குரலில் கோபமே இல்லை.

இறந்தவரை எனக்கு நன்கு தெரியும் என்று அந்தத் தாளில் அச்சடித்திருந்தது. என் கை அதன்மேல் நின்றுவிட்டது.

"பேனா எழுதலையாண்ணே?" என்று அவள் தன் பேனாவை நீட்டினாள்.

போட்டேன். இப்போதெல்லாம் எந்தத் தாளில் கையெழுத்துப் போடக் குனிந்தாலும், அவள் நீட்டிய அந்தப் பேனாதான் என் கையில் இருக்கிறது, மாப்ள.