அந்த ராணியின் மகள்

பர் துபாய்
12 அக்டோபர் 2024

என் உயிர் உம்மாவுக்கு நஜீஹாவின் ஸலாம்.

வாப்பா என் போனில் உங்கள் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார். அவருடைய புதுப் பெண்சாதி என்னை விட்டு நகர்வதேயில்லை. குர்ஆன் ஓதிக்கொடுக்க வரும் ஃபஸ்னா ஆலிமாதான் இந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார். உங்கள் பதிலையும் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவருவார்.

பள்ளியில் கேத்தரின் என்ற ராணியைப் பற்றிப் படிக்கிறோம். ஸ்பெயினிலிருந்து இங்கிலாந்துக்கு வாழ வந்தவள். ஆண் பிள்ளை இல்லையென்று, நடந்த கல்யாணமே செல்லாது என்று சொல்லி ராஜா ஒதுக்கிவிட்டார். ஒதுக்கத் தொடங்கிய பிறகும் அவருக்குச் சட்டை தைத்துக் கொடுத்தாளாம். ஒரே மகளையும் பிரித்துவிட்டார்கள். நான் வகுப்பிலேயே அழுதுவிட்டேன். லீவுக்கு என்று உங்களை இலங்கைக்கு அனுப்பிவிட்டு வாப்பா விசாவை கேன்சல் பண்ணினாரே, அதே மாதிரிதான் உம்மா.

"அவளை உம்மான்னு கூப்பிடு, டிசம்பர் லீவுக்கு உன்னை அங்கே அனுப்புறேன்" என்கிறார் வாப்பா. செத்தாலும் கூப்பிட மாட்டேன்.

உங்கள் நஜீஹா

பேருவளை
20 அக்டோபர் 2024

என் தங்க மகளுக்கு,

சட்டை தைத்தாளா? சரியான விசரி, பைத்தியக்காரி! நான் மட்டும் என்னவாம்? போன மாதம்கூட உன் வாப்பாவுக்கு மாசிச் சம்பல் செய்து போத்தலில் அடைத்துக் கொடுத்தனுப்பினேன். அந்தப் புதுப் பெண்சாதி தின்று தீர்த்திருப்பாள்.

அவளை உம்மா என்று கூப்பிட மாட்டேன் என்று எழுதியிருந்தாய். வாசித்துவிட்டு இரண்டு பிளேன்டீ குடித்தேன், அவ்வளவு சந்தோசம். எனக்குக் கொஞ்சம் சுகமில்லை, பெரிதாக ஒன்றுமில்லை.

அந்த மகள் கடைசியில் தாயைப் பார்த்தாளா? அதை எழுதவில்லையே.

உன் உம்மா
ஜுலைஹா பீவி

பேருவளை
28 நவம்பர் 2024

மகள்,

மறைத்துவிட்டேன், கோபிக்காதே. மார்பில் கட்டி. ஈரலுக்கும் பரவிவிட்டதாம். டாக்டர் கையை விரித்துவிட்டார்.

ரோசமெல்லாம் போதும். அவளை உம்மா என்று கூப்பிடு. நூறு தடவை கூப்பிடு, நான் ஒன்றும் குறைந்துபோக மாட்டேன். டிக்கெட் கைக்கு வந்ததும் ஓடி வா. உன் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

உம்மா

பர் துபாய்
9 டிசம்பர் 2024

உம்மா,

கூப்பிட்டேன். நேற்றுச் சாப்பிடும்போது, "உம்மா, கொஞ்சம் சோறு வைங்க" என்றேன். வாப்பா எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அவளும் அழுதாள்.

பிறகு டிக்கெட் கேட்டேன். வாப்பா சிரித்தார்.

"உம்மாதான் இங்கேயே இருக்காங்களே, அங்கே யாரைப் பாக்கப் போறே?"

உங்களுக்குச் சுகமில்லை என்று சொல்லிக் காலைப் பிடித்தேன். "உன்னை வரவழைக்கப் போடுற நாடகம்" என்றார். யார் சொன்னது என்று குடைந்து குடைந்து கேட்டார். பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்துவிட்டார். ஆலிமாவையும் இன்றோடு வர வேண்டாம் என்றுவிட்டார். அவர் கொண்டுபோகும் கடைசித் தாள் இதுதான்.

அந்த மகள் தாயைப் பார்த்தாளா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அப்போதே தெரியும் உம்மா. எழுத மனம் வரவில்லை.

உங்கள் மகள், உங்களுக்கு மட்டுமே மகள்,
நஜீஹா