தரங்கம்பாடி வாசலின் இடது தோள்

அன்பு மகள் லாவண்யாவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஜோகுபாளையத்தில் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் சர்க்கரைகூட இந்த மாதம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. டப்ளினில் உன் உடம்பும் ஆஸ்பத்திரி வேலையும் எப்படி என்று வாட்ஸப்பில் கட்டைவிரலைக் காட்டாமல் நாலு வரி எழுது. போனில் சொன்னால் பாதியிலேயே டியூட்டிக்கு நேரமாச்சும்மா என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உன் அம்மா ஜெயித்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் கண் மங்கி நான் தைத்த இரண்டு பிளவுஸ் தோள் சரியில்லை என்று திரும்பி வந்ததும், ஆபரேஷன் ஆன பிறகும் துணியில் கத்தரி வைக்க நான் பயந்ததும் உனக்குத் தெரியும். பொங்கலன்று வீடியோவில் உன் வலது தோள் இறங்கியிருக்கிறதே என்று கேட்டேன். நீ உடனே, அது உன் புதுக் கண்ணும்மா, கொஞ்ச நாளைக்குக் கோணலாத்தான் தெரியும் என்றாய். நர்ஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, என் மெஷினைப் பக்கத்துத் தெரு ஜெயலக்ஷ்மிக்குக் கொடுத்துவிடுவதாக வாக்கும் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, உன்னிடம் சொல்லவில்லை.

அப்போதுதான் லிங்கராஜபுரத்து கேரல் மிஸ் வந்தார், நீ யூனிபார்ம் போட்ட காலத்திலிருந்து என்னிடம் கவுன் தைக்கிறாரே, அந்த டிராயிங் டீச்சர்தான். வருடாவருடம் பத்துப் பேரை வேனில் ஏற்றிக்கொண்டு, வெள்ளைக்காரர்கள் கட்டிய பழைய ஊர்களுக்குக் கூட்டிப்போய்ப் படம் வரையச் சொல்லித்தருகிறார். இந்த முறையும் பாண்டிச்சேரி, தரங்கம்பாடிதான். அட்டையும் பிரஷும் வைக்கப் பத்து கான்வாஸ் பை கேட்டார், துணியை அவரே வெட்டிக் கொண்டுவந்ததால் நேர்த்தையல்தானே என்று தைத்துக் கொடுத்தேன். கடைசி நேரத்தில் ஒருவர் வரவில்லை, பை தெச்சவளே வாயேன் சாந்தா என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டார். உன் அப்பா, கோலத்துக்கே புள்ளி எண்ண மாட்டே, நீ பில்டிங் வரையப் போறியா என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே கிளம்பினேன்.

பாண்டிச்சேரியில் முதல் நாள் மஞ்சள் சுவரில் ஒரு வளைவு வாசலை வரையச் சொன்னார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா, கேரல் மிஸ் கொடுத்த கெட்டித் தாளை இரண்டாக மடித்து, பாதி வளைவை மட்டும் வரைந்து, பையிலிருந்த நூல் கத்தரியால் வெட்டிவிட்டேன். கழுத்து வெட்டும்போது துணியை மடித்துத்தானே வெட்டுவோம், அப்போதுதானே இரண்டு பக்கமும் ஒன்றாக வரும், கை தன்பாட்டுக்குச் செய்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் படத்துக்குப் பதில் நடுவில் பெரிய ஓட்டை. ஏய் சாந்தா, இது பெயின்டிங் பேப்பர், பிளவுஸ் பிட் இல்லம்மா என்று கேரல் மிஸ் கத்த, வேனில் வந்த அத்தனை பேரும் டீ வரும்வரை சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் சாயங்காலத்துக்குள் அவரவர் வளைவு கோணலாக வரவே, ஒவ்வொருவராக வந்து நான் வெட்டிப்போட்ட துண்டைக் கேட்டு வாங்கி, அதை வைத்துக் கோடு இழுத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் இருந்த ஊராம், கடல் காற்று தாளைப் பிடுங்குகிறது, கல்லை வைத்துக்கொண்டுதான் வரைய வேண்டும். அங்கே ஒரு பழைய வீட்டு வாசல், பாண்டிச்சேரியில் பார்த்த மாதிரியே வளைவு. எல்லாரும் என் துண்டை வைத்து வரைந்தார்கள். நான் மட்டும் வைக்கவில்லை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அந்த வாசலுக்கு இடது தோள் இறக்கம். கடைக்கு வந்து நிற்கிற பெண்ணைப் பார்த்ததும் எந்தத் தோள் இறக்கம் என்று டேப் வைக்காமலே சொல்வேனே, அப்படித்தான். ஒன்றரை அங்குல இறக்கம் என்று கண்ணாலேயே கணக்குப் போட்டு, ஓரத்தில் எழுதியும் வைத்து, தாளுக்குத் தக்கபடி இறக்கி வரைந்தேன். எங்களோடு வந்த ரெமிஜியஸ் சார், ரிட்டயர்டு இன்ஜினியர், என் படத்தைப் பார்த்து, மேடம், உங்க கண்ணு ஆபரேஷன் ஆன கண்ணுதானே என்று மெதுவாகக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அளந்து பாருங்கள் சார் என்று என் டேப்பை எடுத்து நீட்டினேன். ஸ்வல்ப வெய்ட் பண்ணுங்க என்று போனைப் படிக்கல்லில் வைத்து மட்டம் பார்த்தார், கல் மட்டமாகத்தான் இருந்தது. பிறகு அதிலிருந்து வளைவு தொடங்குகிற இடம்வரை இரண்டு பக்கமும் அளந்தார். இடது பக்கம் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு நூல், அரைக்கால் அங்குலம்தான், குறைவாக இறங்கியிருந்தது. அந்த ஒரு நூலை நான் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை!

கேரல் மிஸ் டேப்பை வாங்கித் தானும் ஒருமுறை அளந்தார். ஆறு வருஷமா இந்த வாசலை நான் வரையறேன் சாந்தா, ஒரு தடவைகூட எனக்குத் தெரியல என்று சொல்லிவிட்டு, தன் படத்தை அழித்துத் திருத்த உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ரப்பரை எடுத்தார்கள். நான் பையை மாட்டிக்கொண்டு கடற்கரையில் மகாராணி மாதிரி நடந்தேன், சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது அந்தப் படம் டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறது, வருகிறவர்களுக்கெல்லாம் அப்பாதான் விளக்கம் சொல்கிறார், என்னவோ அவரே வரைந்த மாதிரி. மெஷினைத் தருவதற்கில்லை என்று ஜெயலக்ஷ்மியிடம் சொல்லிவிட்டேன், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறாள், நல்லதாக ஒரு பிளவுஸ் தைத்துக் கொடுத்தால் இறங்கிவிடுவாள்.

இனி உன் விஷயம். அம்மா கண் சரி என்றால் பொங்கலன்று அம்மா பார்த்ததும் சரிதானே கண்ணு? நோயாளிகளைத் தூக்கித் தூக்கி உனக்குத் தோள் வலிக்கிறது, நான் கவலைப்படுவேன் என்று மறைத்தாய். கோபமில்லை, நானும் சாப்பிடாததை மறைத்தவள்தான். நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயசு நல்லா இருக்க வேண்டும், குலதெய்வம் துணை. இந்தக் கடிதத்தோடு வருகிற பார்சலில் ஒரு மயில்கழுத்து நிறப் பிளவுஸ் வைத்திருக்கிறேன், ஆபரேஷனுக்குப் பிறகு நான் வெட்டிய முதல் துணி. வலது தோளை முக்கால் அங்குலம் இறக்கித் தைத்திருக்கிறேன். போட்டுப் பார், மறந்துவிடாதே. உனக்கு அது கச்சிதமாகப் பொருந்தினால் அன்றைக்கே டாக்டரிடம் போ.

இப்படிக்கு,
இன்னமும் டைலரான உன் அம்மா
சாந்தகுமாரி